மூச்சு அறுந்த இடம்

மண்ணூர்
5 அக்டோபர் 2025, ஞாயிறு

மெர்சி,

ஸ்தோத்திரம். அயர்லாந்துக் குழல்காரர் கோல்மன் டெவெனி நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்தில்தான் இருக்கிறார் என்று நேற்று நம்ம ரசிகர் குரூப்பில் போட்டுவிட்டேன். இல்லத்தின் பெயர், ஊர்ப் பெயர் இரண்டையும் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்தில் ஜப்பான்காரர் ஒருவர் அழுதுகொண்டே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அவர் பேசியது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அழுகை புரிந்தது.

'உங்களுக்கு மட்டும்' என்று நீ எழுதியிருந்தது ஞாபகம் இருக்கிறது. ஜூலையிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை அயர்லாந்து விசா கைக்கு வந்தது. அதற்கு மேல் முடியவில்லை. நாலு வருஷமாக அந்த மனுஷன் இருக்கிறாரா செத்தாரா என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. குழலைக் கீழே வைத்தார், காணாமல் போனார். குரூப்பில் ஆளுக்கு ஒரு கதை. குரூப்பை ஆரம்பித்தவன் நான். தெரிந்து வைத்துக்கொண்டே அத்தனை பேரையும் ஏமாற்றுகிற மாதிரி இருந்தது.

இன்றைக்கு சாயந்திரம் யார்டில் வழக்கம்போல அவருடைய கச்சேரிக் கேசட்டைப் போட்டோம். பேலட் மரத்தட்டுகளை அடுக்கின மேலேயே உட்கார்ந்து டீ குடித்தோம். டிரைவர் கன்னியப்பன் கேட்கிறான்: "இன்னா மொதலாளி, பதினெட்டு வருசமா இதே பாட்ட கேட்டுகினு கீறீங்க, அந்தாளுக்கு மூச்சு முட்டவே முட்டாதா?" ஒரு இடத்தில் முட்டும்டா, பொறுமையாகக் கேள் என்றேன். இரண்டாம் பக்கத்தில் அந்த இடம் உனக்கே தெரியும். வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது மூச்சு அறுந்து, ஒரு சத்தம் வராமலே போய், திரும்ப எட்டிப் பிடிப்பார். சிடியில் அதைத் தைத்து மூடிவிட்டார்கள். கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது.

டிசம்பர் இரண்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டாச்சு. அவரைப் பார்க்க எந்தக் கிழமை, எத்தனை மணி விடுவார்கள் என்று எழுது. கேசட்டைக் கொண்டுவருவேன், அட்டையில் கையெழுத்து வேண்டும். அந்த மூச்சைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும். நீ பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொன்னால் போதும்.

போனில் வேண்டாம், மெயிலில் எழுது. உனக்குத் தெரியும், வாயால் சொன்னது என்னிடம் நிற்காது.

அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்பா
யாக்கோபு


கிளேர், அயர்லாந்து
9 அக்டோபர் 2025

அப்பா,

போன் செய்யாதீர்கள். எடுக்கமாட்டேன். எடுத்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுத்தில்தானே உங்களுக்கு நம்பிக்கை, எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டில் ஆறேழு பேர் நின்றார்கள். ஒரு பெண் கையில் பூ, ஒருவர் கையில் குழல். வரவேற்பில் இருந்தவர் அப்படி யாரும் இங்கே இல்லை என்றார். அவர்கள் போனைத் திருப்பிக் காட்டினார்கள். உங்கள் மெசேஜ். மதியம் அவர்களில் ஒருவர் வெளிச்சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போய், ஜன்னல் வழியாக போட்டோ எடுத்துவிட்டார். பெரியவருக்கு நான் மதியக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த நேரம். என் முதுகும் அதில் விழுந்திருக்கும்.

அவர் ஏன் காணாமல் போனார் என்று நீங்கள் ஒருமுறையாவது யோசித்தீர்களா? நடுக்கநோய், அப்பா. விரல் மடங்கிப்போய்விட்டது. குழலில் ஒரு துளையைக்கூட அவரால் இனி மூட முடியாது. அதை ஒருவரும் பார்க்கக்கூடாது என்றுதான் ஊரைவிட்டு, வேறு பெயரில் இந்த இல்லத்துக்கு வந்தார். தெரிந்தது அவருடைய தங்கை மகள் நோராவுக்கும் எங்களுக்கும் மட்டும். இதை உங்களுக்கு எழுதியதே நான் செய்த தப்பு. இங்கே இருக்கும் ஒருவரைப் பற்றி வெளியில் ஒரு சொல் சொன்னாலும் நர்ஸ் பதிவே போகும். அது தெரிந்தும் எழுதினேன். பைபாஸ் ஆபரேஷன் முடிந்து நீங்கள் யாரோடும் பேசாமல் படுத்திருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அவர் பெயரைச் சொன்னால் எழுந்து உட்காருவீர்கள் என்று எழுதினேன். உட்கார்ந்தீர்கள்.

விசாரணை தொடங்கிவிட்டது. தலைமை நர்ஸ் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "இந்தியாவிலிருந்து வந்த செய்தி" என்று சொல்லிக் கேட்கிறார். இங்கே இந்தியர்கள் இரண்டே பேர். நானும் என்னோடு அறையில் இருக்கும் கேரளாப் பெண் ஷைனியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே வந்து மூன்று வருஷம். வாருங்கள் வாருங்கள் என்று எத்தனை முறை கூப்பிட்டேன். லோடு இருக்கிறது, பார்ட்டி வருகிறான், யார்டைப் பூட்ட முடியாது என்றீர்கள். அவர் பெயரைச் சொன்னதும் விசா வந்துவிட்டது.

மெர்சி


மண்ணூர்
10 அக்டோபர் 2025

மெர்சி,

உன் மெயில் வந்ததும் குரூப்பில் அந்த மெசேஜை அழித்துவிட்டேன். ஆனால் அழித்து என்ன, நூறு பேர் வேறு இடத்துக்கு அனுப்பியிருப்பார்கள். சரக்கு கேட்டைத் தாண்டினால் தாண்டினதுதான்.

அவருக்கு நோய் என்பது எனக்குத் தெரியாது. நீ எழுதவில்லை. எழுதியிருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். நீயும் பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தாய். சொல்லக்கூடாதது என்றால் சொல்லியிருக்கக்கூடாது. அப்பன் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியாதா? விலை குறைந்தது என்று ஒரு பார்ட்டி சொன்னால், அடுத்த பார்ட்டிக்குச் சொல்லாமல் நான் சோறு தின்றிருக்கிறேனா?

நடந்தது நடந்துவிட்டது. இனி செய்யவேண்டியதைச் சொல்கிறேன், கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படி.

வாயைத் திறக்காதே. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் நாம் விற்ற பேலட் இருபது காணாமல் போன கதை ஞாபகம் இருக்கும். செக்யூரிட்டி முதலில் பார்ப்பது கேட் பாஸில் யார் கையெழுத்து என்றுதான். கையெழுத்து இல்லாதவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. என் மெசேஜில் உன் பெயர் இல்லை. நம்ம குரூப்பில் என் பெயர் 'மண்ணூர் ஜே' என்றுதான் இருக்கும். நீ என் மகள் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஜூலை மெயிலை உன் பக்கத்தில் அழி, நான் இங்கே அழித்துவிட்டேன். கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. இரண்டு வாரத்தில் கேட்கிறவர்களே ஓய்ந்துபோவார்கள்.

நீ நர்ஸ் ஆனது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். பென்னலூர் வீட்டை விற்றுப் படிக்கவைத்தேன். ஒரு வார்த்தைக்காக அதைத் தூக்கிப் போடாதே.

விசா விஷயத்தில் நீ சொன்னது சரி.

அப்பா


கிளேர்
14 அக்டோபர் 2025

அப்பா,

ஷைனியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். போன மாதம் அவள் தன் தங்கைக்குத் தாழ்வாரத்தில் நின்று ஒரு செல்ஃபி அனுப்பியிருந்தாள். பின்னால் பெரியவரின் அறைக்கதவு தெரிகிறது. அது போதும் அவர்களுக்கு. அவளுடைய பர்மிட் இந்த இல்லத்தின் பெயரில் இருக்கிறது. வேலை போனால் ஊருக்குப் போகவேண்டியதுதான். நேற்று முழுக்க சூட்கேஸைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "சேச்சி, நான் யார்கிட்டயும் சொல்லல, நீயாவது நம்பு" என்றாள். நம்புகிறேன் என்றேன். அதைவிடக் கேவலமான வார்த்தையை நான் இதுவரை சொன்னதில்லை.

கேட் பாஸ் கதை சொன்னீர்கள். அந்தக் கதையின் மீதியை நீங்கள் எழுதவில்லை. என் ஞாபகத்தில் இருக்கிறது. அந்த இருபதும் வெளியே போனது உங்கள் வண்டியில், பாஸில் உங்கள் கையெழுத்து இல்லை, நீங்கள் தப்பித்தீர்கள். செக்யூரிட்டி பிடித்து வைத்தது பாஞ்சாலி அக்காவின் வீட்டுக்காரரை, அவர் அங்கேதான் லோடு ஏற்றும் வேலையில் இருந்தார். அவர் ஒன்றும் எடுக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். வேலை போனபிறகு நம் யார்டிலேயே சேர்த்துக்கொண்டீர்கள். அதனால் சரியாகிவிட்டது என்று நினைத்தீர்கள்.

இருபத்தோராம் தேதி கடைசி விசாரணை. நோரா வருகிறார். அன்று ஷைனியின் முடிவு.

பெரியவரைப் பற்றிக் கேட்கமாட்டீர்கள், பயமாக இருக்கும். நானே சொல்கிறேன். திரையைத் திறக்கவிடுவதில்லை. சாப்பிட வாயைத் திறப்பதில்லை, இரண்டு நாள் திரவம் ஏற்றினோம். முன்பெல்லாம் நான் போர்வையைச் சரிசெய்யும்போது அவர் விரல்கள் போர்வை மேலே ஓடும், மடங்கினபடியே. எந்தப் பாட்டு என்று நான் கண்டுபிடித்துவிடுவேன். சின்ன வயதில் உங்கள் வண்டியில் பள்ளிக்குப் போகும்போது கேட்டு கேட்டு மனசில் ஏறின பாட்டு. ஒருமுறை நான் வாயால் பாடிக் காட்டினேன். திடுக்கிட்டுப் பார்த்தார். எங்கே கற்றாய் என்றார். அப்பாவின் வண்டியில் என்றேன். அன்று சிரித்தார். இப்போது விரல்கள் ஓடுவதில்லை.

எனக்கு இருபத்தோராம் தேதி வரை நேரம் இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. தெரியும். நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறேன்.

மெர்சி


மண்ணூர்
16 அக்டோபர் 2025

மெர்சி,

அந்த போட்டோ நேற்று குரூப்புக்கு வந்துவிட்டது.

யார்டில் நானும் ஹேமந்தும் கன்னியப்பனும் நின்றிருந்தோம். ஹேமந்தை உனக்குத் தெரியும், ஒரகடத்தில் லைன் சூப்பர்வைசர், நான்தான் இந்தப் பைத்தியத்தை அவனுக்கு ஒட்டவைத்தவன். என் போனும் ஹேமந்த் போனும் ஒரே நேரத்தில் கத்தின. திறந்து பார்த்தால் ஜன்னல் கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு கிழவன். கழுத்தில் குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி துணி. வாயோரம் கஞ்சி. இரண்டு கையும் நெஞ்சில், கோழிக்கால் மாதிரி மடங்கி. பக்கத்தில் உன் முதுகு. உன் பின்னலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது.

கீழே வரிசையாக அழுகிற பொம்மைகள். 'லெஜண்ட்' என்று ஒருவன் எழுதியிருக்கிறான். ஹேமந்த் சொன்னான்: "அங்கிள், இன்னா கொடும இது. ஸ்டேட்டஸ்ல போடலாமா? எல்லாரும் ப்ரேயர் பண்ணுவாங்க." கன்னியப்பன் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உன் அப்பன இப்படி யாராச்சும் போட்டோ புடிச்சா ஸ்டேட்டஸ்ல போடுவியா, போடா" என்றான். ஹேமந்த் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

குரூப்பிலிருந்து அந்த போட்டோவை எடுத்தேன். போட்டவனை வெளியேற்றினேன். அதற்குள் எத்தனை பேர் எடுத்துவைத்தார்களோ. பதினெட்டு வருஷம் அந்த மனுஷனின் மூச்சைக் கேட்டிருக்கிறேன். அவர் மறைக்க நினைத்ததை ஊருக்குக் காட்டினவன் நான்.

பாஞ்சாலி வீட்டுக்காரர் விஷயம். நீ சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "அவ சொல்றதுல தப்பு இன்னா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தாளு ஒரு வாரம் ஸ்டேஷன்ல உக்காந்திருக்க மாட்டான்" என்றாள். சரி.

உன் கேள்விக்கு வருகிறேன். ஷைனி போகக்கூடாது. நீயும் போகக்கூடாது. வழி ஒன்று இருக்கிறது, யோசித்துப் பார்த்துவிட்டேன், ஓட்டை இல்லை.

அந்தக் கேசட்டை எனக்குக் கொடுத்தது யார்? வல்லத்தில் மெஷின் மாட்ட வந்த அயர்லாந்து ஃபிட்டர். மூன்று மாதம் என் வண்டியில்தான் வந்துபோனார். போகும்போது கேசட்டை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனார். அவர் கிளேர்காரர். 2022-ல் செத்துவிட்டார் என்று அவர் மகன் எனக்கு மெயில் போட்டான். இப்போது நான் உங்கள் தலைமை நர்ஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன்: டெவெனி அந்த இல்லத்தில் இருக்கிறார் என்று அந்த ஃபிட்டர் சாவதற்கு முன் எனக்குச் சொன்னார், நான் இப்போது வெளியிட்டேன் என்று. டெவெனி காணாமல் போனது 2021. தேதி பொருந்துகிறது. செத்தவன் எழுந்து வந்து மறுக்கமாட்டான். ஷைனி தப்பிப்பாள், நீ தப்பிப்பாய், திட்டு எனக்கு வரும். நான் உங்கள் ஊர் சட்டத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறேன்.

கடிதம் தயார். ஹேமந்த் நல்ல இங்கிலீஷில் அடித்துக் கொடுத்துவிட்டான். நீ 'சரி' என்று ஒரு சொல் போட்டால் அனுப்பிவிடுவேன்.

அப்பா


கிளேர்
17 அக்டோபர் 2025

அப்பா,

உங்கள் மெயில் வருவதற்கு முன்பே நேற்றுக் காலை தலைமை நர்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டேன். என் அப்பாவுக்கு நான்தான் எழுதினேன், அப்பா வெளியிட்டார் என்று. மெயிலை அழிக்கவில்லை. காட்டினேன்.

அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். செத்த மனிதரின் மகனுக்கு இங்கே ஊர் இருக்கிறது, பெயர் இருக்கிறது. இன்னொரு ஷைனியைத் தேடாதீர்கள்.

ஷைனி இன்று வேலைக்குத் திரும்பிவிட்டாள். அறையில் தன் படுக்கையை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

என் விஷயம் இப்படி நிற்கிறது. இல்லம் தரும் தண்டனை வேறு. பதிவு போவது போகாதது நோராவும் பெரியவரும் புகார் கொடுப்பதைப் பொறுத்தது. நோரா கொடுத்தே தீருவேன் என்கிறார். ஆனால் பெரியவருக்கு புத்தி தெளிவாக இருக்கிறது, முடிவு அவருடையது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்தோராம் தேதி அவரைக் கேட்பார்கள்.

இன்று அவர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய அறைக்கு நான் போகக்கூடாது இப்போது. தலைமை நர்ஸ் கூடவே நின்றார், நான் சொன்னதையெல்லாம் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பெரியவர் பத்து நாளில் முதல்முறை வாயைத் திறந்து, "அந்த மரப்பெட்டி வியாபாரி யார்?" என்றார். சொன்னேன். "என்னிடம் அவனுக்கு என்ன வேண்டும்?" என்றார். அதை அவரைத்தான் கேட்கவேண்டும் என்றேன். "அவனையே எழுதச் சொல். நீ படித்துக் காட்டு. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்" என்றார்.

எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், நான் சொல்லிக்கொள்கிறேன். கெஞ்சாதீர்கள். விலை பேசாதீர்கள். எனக்காக என்று ஒரு வரிகூட வேண்டாம்.

மெர்சி


மண்ணூர்
19 அக்டோபர் 2025, ஞாயிறு

மெர்சி,

ஹேமந்த் அடித்த கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தாயிற்று. இது அவருக்கு. அப்படியே படி, அழகு சேர்க்காதே.

ஐயா,

என் பெயர் யாக்கோபு. சென்னைக்குப் பக்கத்தில் மண்ணூரில் பழைய பேலட் வாங்கி, ஆணி பிடுங்கி, சரிசெய்து, கம்பெனிகளுக்கு விற்கிறேன். நீங்கள் இருக்கும் இடத்தை வெளியே சொன்னவன் நான். என் மகள் என்னை நம்பி எழுதினாள், நான் அவளைக் கேட்காமல் சொன்னேன்.

உங்களிடம் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். கையெழுத்து வேண்டும், பக்கத்தில் நின்று போட்டோ வேண்டும் என்று நினைத்திருந்தேன். போன வாரம் அந்த போட்டோவைப் பார்த்த பிறகு அந்த ஆசை போய்விட்டது.

உங்கள் குழலை முதலில் கேட்டபோது எனக்கு ஒரே வண்டி, அதுவும் கடன். வல்லம் வடகாலில் வயல் எல்லாம் தளம் போட்டு கம்பெனி எழுந்துகொண்டிருந்த சமயம். நாள் முழுக்க ஓட்டினேன். என் ஊர்க் குழல் இழுத்து, வளைத்து, நின்று பாடும். உங்களுடையது நிற்காது. அடித்த ஆணி அடித்தபடி இருக்க அடுத்த ஆணிக்குப் போகும். எனக்கு அது என் பிழைப்பு மாதிரியே கேட்டது. பாட்டு என்றாலே எனக்கு அதுதான் என்று ஆயிற்று.

கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் உங்கள் மூச்சு அறுகிறது. பின்னால் வந்த சிடியில் அதை மூடிவிட்டார்கள். நான் சிடியைக் கேட்பதில்லை. முதல் வருஷம் என் வண்டி கவிழ்ந்து, லோடு போய், கடன்காரன் வாசலில் நின்ற நாளில் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இவ்வளவு பெரிய ஆள் தடுக்கி, அத்தனை பேர் முன்னால் எழுந்து ஓடினான் என்றால் நானும் ஓடலாம் என்று தோன்றியது. அதுதான் எனக்கு உங்களிடமிருந்து வேண்டியிருந்தது. அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அதற்கு மேல் கேட்டது என் பேராசை.

மன்னிப்பு கேட்கிறேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

யாக்கோபு

மெர்சி, இதற்குக் கீழே உள்ளது உனக்கு மட்டும். இந்த முறை எனக்கும் அந்தச் சொல்லின் எடை தெரியும். நாளைக்குத் தீபாவளி, யார்டு லீவு. காலையில் பாஞ்சாலி வீட்டுக்குப் போகிறேன். அவள் வீட்டுக்காரரிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துச் சரிக்கட்டமாட்டேன்.

உனக்கு என்ன ஆகும் என்றுதான் நினைப்பு. அம்மா ஜெபத்தில் இருக்கிறாள்.

அப்பா


கிளேர்
22 அக்டோபர் 2025

அப்பா,

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அறையில் பெரியவர், நோரா, தலைமை நர்ஸ், நான். உங்கள் கடிதத்தை ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். ஆணி பற்றிச் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நோரா நினைத்தார். மூச்சு அறுந்த இடம் வந்ததும் கண்ணைத் திறந்து, "அந்தக் கேசட் இன்னும் இருக்கிறதா?" என்று கத்தினார். சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. அதை விற்ற கடைகளிலிருந்து அவரே அந்தக் காலத்தில் திருப்பி வாங்கி, வீட்டுக்குப் பின்னால் நெருப்பு வைத்துக் கொளுத்தினாராம். ஒன்றும் மிச்சமில்லை என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

நோரா, "மாமா, நீங்கள் புகாருக்கு வாருங்கள்" என்றார். "வருகிறேன். நான் விழுந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவன் எழுந்தானாமே" என்றார். கோபமாகச் சொன்னாரா சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. முகத் தசை இப்போது அவர் சொன்னபடி கேட்பதில்லை.

பிறகு தலைமை நர்ஸை எழுதிக்கொள்ளச் சொன்னார். புகார் கொடுக்கமாட்டார். அதற்கு மூன்று நிபந்தனை. மூன்றும் உங்களுக்கு. எனக்கு ஒன்றும் இல்லை. "பெண் எழுதியது தகப்பனுக்கு. தகப்பன் எழுதியது ஊருக்கு" என்றார்.

நீங்கள் குரூப்பைக் கலைக்கவேண்டும், இன்னொருவர் கையில் கொடுக்கக்கூடாது. நீங்கள் இந்த இல்லத்துக்கு வரக்கூடாது. அவர் உயிரோடு இருக்கும்வரை மட்டும் இல்லை, அடக்கத்துக்கும் வரக்கூடாது. அந்தக் கேசட் அவர் கைக்கு வரவேண்டும், பிரதி எடுக்காமல்.

மூன்றாவதற்கு நோராவே, "பிரதி எடுத்தால் நமக்கு எப்படித் தெரியும்?" என்றார். பெரியவர் என்னைப் பார்த்தார். "இவளுக்குத் தெரியும்" என்றார். எனக்கு எப்படித் தெரியும், அப்பா?

இல்லத்தின் தண்டனை தனி. எழுத்தில் எச்சரிக்கை, ஆறு மாதம் மேற்பார்வையில் வேலை, வேறு பிரிவு. பெரியவரை இனி நான் பார்க்கமாட்டேன். உங்கள் பதில் வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் நோரா புகாரைக் கொடுத்துவிடுவார்.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். போர்வை மேலே கை அசைந்த மாதிரி இருந்தது. நடுக்கமாகவும் இருக்கலாம்.

மெர்சி


மண்ணூர்
24 அக்டோபர் 2025, வெள்ளி

மெர்சி,

எதிர்ப்பக்கம் ஒரு ரேட் சொன்னால் பாதியிலிருந்து ஆரம்பிப்பது என் வழக்கம். இதில் ஒன்றையும் குறைத்துக் கேட்கவில்லை.

நேற்று காலை குரூப்பில் கடைசியாக ஒன்று எழுதினேன்: நான் செய்தது தவறு, அந்த போட்டோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள், அந்த வாசலுக்கு யாரும் போகாதீர்கள். பிறகு ஒவ்வொருவராக வெளியே எடுத்தேன். சாயந்திரம் வரை ஆயிற்று. ஜப்பான்காரரை எடுக்கும்போது கை வரவில்லை. கடைசியாக என்னையே எடுத்துக்கொண்டேன்.

பிறகு கேசட். ஹேமந்த் யார்டுக்கு வந்தான். "அங்கிள், பதினெட்டு வருசம் அங்கிள். போன்ல ஒரு காப்பி போட்டு வெச்சிக்கலாம், யாருக்குத் தெரியப்போவுது?" என்றான். அவன் கையில் போன் ரெடியாக இருந்தது. ரெக்கார்டரில் கேசட்டும் இருந்தது. கடைசியாக ஒரு தடவை ஓடவிடலாம் என்றுதான் போட்டிருந்தேன். இரண்டாம் பக்கம் அந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டேன். ஹேமந்த் பார்த்துக்கொண்டே நின்றான். கன்னியப்பன், "மொதலாளி, அதுல தான மூச்சு முட்டும்னீங்க?" என்றான். முட்டும் என்றேன். வெளியே எடுத்து, அம்மாவின் பழைய புடவைத் துணியில் சுற்றி, சின்னதாக ஒரு மரப்பெட்டி நானே அடித்து, இன்று காலை ஸ்ரீபெரும்புதூரில் கூரியரில் போட்டுவிட்டேன். பெட்டிக்கு ஆணி அதிகம் அடித்திருக்கிறேன், திறக்கும்போது பார்த்துத் திறக்கச் சொல்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாய். உனக்குத் தெரியாது. நான் சொல்கிறேன், நீ நம்பவேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு நடந்த பிறகு அதைக் கேட்பதே அதிகம் என்று எனக்குத் தெரியும்.

பாஞ்சாலி வீட்டுக்காரர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "தெரியும் மொதலாளி, அப்பவே தெரியும்" என்றார். இன்று வேலைக்கு வந்தார்.

விமான டிக்கெட்டை ரத்து செய்யலாமா என்று அம்மா கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். உனக்குச் சம்மதம் இல்லை என்றால் ஒரு வரி எழுது, ரத்து செய்துவிடுகிறேன்.

இதற்குக் கீழே உள்ளதை இங்கிலீஷில் எழுதி நோராவிடம் கொடு. நான் ஒப்புக்கொண்டது இவ்வளவு: குரூப் கலைந்துவிட்டது, திரும்ப ஆரம்பிக்கமாட்டேன். கேசட் கிளம்பிவிட்டது, பிரதி இல்லை. டிசம்பர் இரண்டாம் தேதி அயர்லாந்து வருகிறேன், என் மகளைப் பார்க்க. அந்த இல்லம் இருக்கும் தெருவில் கால் வைக்கமாட்டேன், அவர் இருக்கும்வரையும், அதற்குப் பிறகும்.

யாக்கோபு